அந்த ஒரு நட்சத்திரக் குறி

சுருக்கமாகச் சொல்லுங்கள் என்கிறீர்கள், ஐயா. எனக்குச் சுருக்கிச் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே இந்தப் புகார் உண்டு. "அண்ணன் கிட்ட தண்ணி கேட்டா, பச்சத் தண்ணியா வெந்நீரா, சொம்பா டம்ளரான்னு கேட்டு முடிக்கறதுக்குள்ள தாகமே போயிடும்" என்பாள் என் தங்கை. அவள் சொல்வது சரிதான். ஒரு பொருளை அதன் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

அவளுடைய கணவர் நாற்பது நாளாக உங்கள் காவலில் இருக்கிறார். எங்கள் அலுவலகத்தில் என் பிரிவுக்குத் தலைவரும் அவர்தான். ஒரு லிஃப்ட் மெக்கானிக் செத்துப்போனதற்குத் தான்தான் காரணம் என்று நாளைக்கு நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளப் போகிறார். ஒப்புக்கொண்டால் அவர் வெளியே வர வழியே இல்லை. அதற்கு முன்னால் சில விஷயங்களைச் சொல்லிவிடலாம் என்று வந்தேன். வேலை நாள்தான், விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் வேலை லிஃப்ட்டுக்கு மூளை செய்வது. எந்த மாடியில் நிற்க வேண்டும், கதவை எப்போது மூட வேண்டும், யார் பொத்தானை அழுத்தினால் போக வேண்டும் என்பதையெல்லாம் சொல்லுகிற நிரலை சி மொழியில் எழுதுகிறோம். அந்த மொழியில், சேர்ந்திருக்க வேண்டிய தகவல்களை ஒரே பெட்டியில் போட்டு வைக்கலாம். அந்தப் பெட்டிக்கு ஸ்ட்ரக்ட் என்று பெயர். பெட்டியைத் தொடும்போதெல்லாம் அதன் பெயருக்கு முன்னால் ஸ்ட்ரக்ட் என்று அடிக்க வேண்டும். ஆறே ஆறு எழுத்து. அதை அடிக்கக் கை வலிக்கிறவர்கள் டைப்டெஃப் என்ற வசதியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாற்றுப்பெயர் வைத்துக்கொள்வார்கள். பார்க்க அழகாக இருக்கும். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

தயவுசெய்து இதை மட்டும் பொறுமையாகக் கேளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஒருவனிடம் பெட்டியைக் கொடுப்பது வேறு, பெட்டி இருக்கிற விலாசத்தைக் கொடுப்பது வேறு. விலாசம் என்றால் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். விலாசம் வாங்கியவன் நேராகப் போய் அசல் பெட்டியிலேயே எழுதுவான். பெட்டியைக் கேட்டவனுக்கோ சி மொழி அசலைத் தராது, ஜெராக்ஸ் எடுத்துத் தரும். ஜெராக்ஸில் அவன் என்ன எழுதினாலும் அசலுக்குத் தெரியாது. மாற்றுப்பெயர் வைத்துவிட்டால் அந்த நட்சத்திரமும் பெயருக்குள் போய் மறைந்துவிடும். கையில் இருப்பது விலாசமா ஜெராக்ஸா என்று படிக்கிறவனுக்குத் தெரியாது. எல்லாரும் பொதுவாகப் பயன்படுத்துகிற ஏதோ ஒரு தலைப்புக் கோப்பில், ஒரே ஒரு வரியில் அது கிடக்கும்.

பத்தொன்பது வருடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாற்றுப்பெயர் வேண்டாம், ஸ்ட்ரக்ட் என்று முழுசாக எழுதுங்கள், நட்சத்திரம் எல்லார் கண்ணிலும் படட்டும். முதல் பதினாறு வருடம் அது எங்கள் பிரிவின் விதியாகவே இருந்தது. பதினான்காவது வருடம் மாப்பிள்ளை வந்தார். நான்தான் வேலைக்குக் கூட்டி வந்தேன். தங்கைக்குக் கல்யாணம் ஆன புதுசு, அவர் வேலை தேடிக்கொண்டிருந்தார், கெட்டிக்காரர். இரண்டே வருடத்தில் எல்லாரும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது வருடம் தலைவர் ஆனார். கண்ணாடி அறையை அவருக்குக் கொடுத்தார்கள். அந்த அறைக்கு இரண்டு ஜன்னல், தெருப் பக்கம் ஒன்று, மரங்கள் இருக்கிற பக்கம் ஒன்று. அதில் எனக்கு வருத்தம் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். அதைப் பற்றி நான் நினைத்ததே இல்லை.

தலைவரானதும் அவர் கூட்டிய முதல் கூட்டத்தில் என் விதியை நீக்கினார்கள். நான் வேண்டாமென்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "மச்சான், உங்க கீபோர்டுல எஸ் எழுத்து தேஞ்சே போச்சு. அதுக்காவது கொஞ்சம் இரக்கம் காட்டுங்க" என்றார். பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். நிரல்களைச் சோதித்துப் பார்க்கிற சோதனை அறை அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். எழுத்து தேய்ந்திருந்தது உண்மைதான் என்பதால் நானும் சிரித்தேன். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது தோளில் கை போட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க மச்சான், சும்மா கலாட்டாவுக்கு" என்றார். நல்ல மனுஷன். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

இறந்துபோன மெக்கானிக்கை அலுவலகத்தில் மாடிப்படி என்றுதான் கூப்பிடுவோம். பழுதான மின்சுற்றுப் பலகைகளைத் திருப்பிக் கொடுக்க வாரம் ஒருமுறை வருவார். ஐந்து மாடியும் ஏறித்தான் வருவார், லிஃப்டில் ஏறவே மாட்டார். பையில் ஒரு ஸ்பானர் தனியாகக் கிடக்கும், படிக்கு ஒரு தடவை 'டிங்' என்று சத்தம் கேட்கும். அதை வைத்தே அக்கா தேநீர் ஊற்றி வைத்துவிடுவார். ஒரு தடவை நான் கேட்டேன்: "ஏம்ப்பா, லிஃப்ட் மெக்கானிக்கே லிஃப்ட்ல வரலன்னா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"சார், உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சவன் எவன் சார் ஏறுவான்?" என்றார். பிறகு, "ஆனா வேலன்னு வந்துட்டா உங்க பச்ச விளக்க நம்பித்தான் லிஃப்ட் கூண்டு மேல கால வைக்கிறேன். அது எரிஞ்சா அப்புறம் எனக்குப் பயம் இல்ல" என்றார்.

பச்சை விளக்கைச் சொல்ல வேண்டும். லிஃப்ட்டில் வேலை செய்ய வருகிறவர் பராமரிப்புச் சாவி ஒன்றைத் திருப்புவார். திருப்பினால் யார் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் லிஃப்ட் அசையக் கூடாது. அசையாது என்பதற்கு அடையாளமாகப் பச்சை விளக்கு எரியும். சாவி திருப்பியிருக்கிறதா இல்லையா என்ற தகவல் ஒரு பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டிக்கு மாப்பிள்ளை ஒரு மாற்றுப்பெயர் வைத்திருந்தார். நட்சத்திரம் உள்ளே மறைந்திருந்தது. மற்றபடி நிரல் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று காலை பதினொன்றரை மணி. மாப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. கைக்குட்டையைக்கூட எடுக்காமல் என் மேசைக்கு ஓடி வந்தார். "மச்சான், பாப்பாவுக்குக் காய்ச்சல் நெருப்பா கொதிக்குதாம். நான் கெளம்பறேன். என் சீட்ல உக்காந்து அந்தத் திரை எழுத்துத் திருத்தத்த மட்டும் அனுப்பி விட்ருங்க, எல்லாம் ரெடியா இருக்கு." திரையில் ஓர் எழுத்துப்பிழை, அவ்வளவுதான் அந்தத் திருத்தம். தலைவர் பெயரில் போகிற சின்னத் திருத்தத்தை இரண்டாவது ஆள் பார்க்க வேண்டியதில்லை என்பது எங்கள் அலுவலக வழக்கம். அதுவும் அவர் கொண்டு வந்த வழக்கம்தான்.

கண்ணாடி அறையில் போய் உட்கார்ந்தேன். மரங்கள் நன்றாகத் தெரிந்தன. திருத்தத்தை அனுப்புவதற்கு முன்னால் தலைப்புக் கோப்பைத் திறந்து, அந்த மாற்றுப்பெயர் வரியிலிருந்த நட்சத்திரத்தை எடுத்தேன். விலாசம் வழியாகப் போக அம்புக்குறி, பெட்டியை நேராகத் தொடப் புள்ளி என்பது சி மொழியின் இலக்கணம், அதனால் அதே கோப்பில் அம்புக்குறி இருந்த மூன்று இடங்களில் புள்ளி வைத்தேன். வேறு எதையும் தொடவில்லை. இரண்டையும் சேர்த்து அவர் பெயரில் அனுப்பினேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள், இன்னும் இருக்கிறது.

அந்த நொடியிலிருந்து சாவியைத் திருப்பினால் அந்தத் தகவல் ஜெராக்ஸில் பதிந்தது. பச்சை விளக்கும் அதே ஜெராக்ஸைப் பார்த்துத்தான் எரிந்தது. மோட்டார் பார்த்தது அசலை. அசலில் சாவி திருப்பப்படவே இல்லை. என் பேச்சைக் கேட்டு எல்லா இடத்திலும் முழுசாக எழுதியிருந்தால் நான் நாற்பத்தொரு இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கும், அதை யாராவது பார்த்திருப்பார்கள். மாற்றுப்பெயர் இருந்ததால் ஒரே வரியில் முடிந்துவிட்டது. இதைத்தான் பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

யாரையும் கொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கில்லை. சாயங்காலத்துக்குள் சோதனை அறை பிடித்துவிடும் என்று நினைத்தேன். மாப்பிள்ளை மூக்குடைபட்டு நிற்பார், அடுத்த கூட்டத்தில் விதி திரும்ப வரும், அத்தோடு முடியும். மூன்றரை மணிக்கு நானே சோதனை அறைக்குப் போய் நின்றேன். அக்கா சாவியைத் திருப்பினார், பச்சை எரிந்தது, தாளில் டிக் போட்டார். "என்னப்பா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கற? டீ குடிக்கிறியா?" என்று கேட்டார். குடித்தேன். லிஃப்டைக் கூப்பிட்டுப் பாருங்கள் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாளில் இல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இப்போது அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். "சாவியத் திருப்பினேன், பச்ச எரிஞ்சுது, வேற என்னத்தப் பாக்கணும்?" என்று உங்கள் ஆட்களிடம் அழுதாராம். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் நிரல் வெளியே போயிற்று. அறுபத்திரண்டு லிஃப்ட். பொருத்துகிறவர்கள் பிடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன், அவர்களும் விளக்கைத்தான் பார்த்தார்கள். மூன்று மாதம் போயிற்று. தினமும் குற்ற உணர்ச்சியில் துடித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாட்கள் மறந்தே போயிருந்தேன். பாப்பாவின் பிறந்தநாளுக்குப் போய்க் கேக் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றில், மாடிப்படி சாவியைத் திருப்பினார். பச்சை எரிந்தது. கதவைத் திறந்து கூண்டின் மேல் ஏறி உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். ஏழாவது மாடியில் ஒரு பெண் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகப் பொத்தானை அழுத்தினாள். அவர் மேலே இருக்கும்போதே லிஃப்ட் ஏழாவது மாடிக்குப் போயிற்று, அதற்கு மேல் கூரைதான். விதிப்படி அவர் மொட்டை மாடி அறைக்குப் போய் மெயின் சுவிட்சையும் அணைத்திருக்க வேண்டும். எல்லா இடத்துக்கும் ஏறிப் போகிறவர் அன்றைக்கு அங்கே மட்டும் ஏறவில்லை. குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

நிரலைத் தோண்டி எடுத்து நட்சத்திரம் காணாமல் போனதைக் கண்டுபிடித்தவரே மாப்பிள்ளைதான். நிரலை யார் எப்போது மாற்றினார் என்ற பதிவில் அவர் பெயர் இருந்தது. என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். முகத்தில் ரத்தமே இல்லை. "நான்தான் எடுத்திருப்பேன் போல மச்சான். என்னமோ மாத்திப் பாக்கலாம்னு கை வச்சுட்டு, அப்படியே விட்டுருப்பேன். அதுக்குள்ள பாப்பா காய்ச்சல், ஓடிட்டேன். ஞாபகமே வரல. நீங்க பாவம், அது உள்ள இருக்கறது தெரியாம சேர்த்து அனுப்பிட்டீங்க. நீங்க என் சீட்ல உக்காந்தத நான் யார் கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க பேர இதுல இழுக்க மாட்டேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நான் சொன்னது வேறு. அவர் முதுகைத் தடவிக்கொடுத்து, "இதுக்குத்தான் மாப்ள அப்பவே படிச்சுப் படிச்சு சொன்னேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "ஆமா மச்சான், நீங்க சொன்னதக் கேட்டிருக்கணும்" என்று தேம்பித் தேம்பி அழுதார். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்ச நேரம் நெஞ்சு லேசாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்ததை இல்லை என்று சொல்லக் கூடாது.

அதற்குப் பிறகு நான் லிஃப்டில் ஏறுவதில்லை. என் வீடு நான்காவது மாடி. படியில்தான் போய் வருகிறேன். பட்டப்பகலில், மத்தியானம் மூன்று மணிக்கு, எனக்கு இரண்டு மாடி முன்னால் அந்த 'டிங்' சத்தம் கேட்கிறது. படிக்கு ஒன்று. நான் நின்றால் அது நிற்பதில்லை, அது பாட்டுக்கு ஏறிப் போகிறது. நான் வாசலுக்குப் போய்ச் சேரும்போது எதுவும் கேட்காது, எனக்கு முன்னாலேயே வீட்டுக்குள் போய்விட்ட மாதிரி இருக்கும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பேன். ஒரு நாள் ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் சாவி தொலைந்துபோயிற்றா என்று விசாரித்தார். ஆமாம் என்றேன்.

லிஃப்ட்டும் வருகிறது, அதிலும் எங்கள் நிரல்தான். யாரும் கூப்பிடாமல் நான்காவது மாடியில் வந்து நின்று கதவைத் திறந்து வைத்துக்கொள்கிறது. சும்மா இருக்கும்போது எந்த மாடியில் போய் நிற்பது என்ற பகுதியை எழுதியவன் நான்தான். அது தரைத்தளத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டு தடவை நிரலைப் படித்துப் பார்த்துவிட்டேன், அதில் பிழை இல்லை. பிழை இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

எல்லாம் மனப்பிரமை என்றுதான் நானும் நினைத்தேன், நேற்று வரைக்கும். நேற்று மத்தியானம் தங்கை வந்தாள். நாற்பது நாளில் கன்னமெல்லாம் ஒட்டிப்போய்விட்டது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. பேச ஆரம்பித்தவள் திடீரென்று வாசல் பக்கம் திரும்பினாள்.

"யாரோ வந்திருக்காங்க அண்ணே."

"யாரும் இல்லம்மா."

"பையக் கீழ வச்ச சத்தம் கேட்டுச்சே. உனக்குக் கேக்கல?"

கேட்கவில்லை என்றேன். அவள் போய்க் கதவைத் திறந்தாள். எதிரே லிஃப்ட் கதவு திறந்திருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது, ஆள் இல்லை. அவளும் தூங்கி நாளாகிறது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்ப வந்து உட்கார்ந்து, "அவர் நாளன்னிக்கு ஒத்துக்கப் போறார் அண்ணே" என்றாள். "வக்கீல் வேண்டாங்கறார், இவர் கேக்க மாட்டேங்கறார். அந்த மெக்கானிக்கோட சம்சாரம் முகத்தப் பாக்க முடியல, நான் உள்ள இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்னு சொல்றார். பாப்பா தெனமும் அப்பா சட்டய எடுத்து வச்சுக்கிட்டுத் தூங்குது. நீ ஒருத்தன் சொன்னா கேப்பார். போய் அவர் கிட்ட பேசு அண்ணே." பிறகு பையிலிருந்து அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகலை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

நான்கு பக்கம். அவள் போன பிறகு மூன்று தடவை படித்தேன். காலையில் குளித்துவிட்டு நேராக இங்கே வந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும், பாப்பா அப்பாவோடு இருக்க வேண்டும், அதற்காகத்தான் வந்தேன். நட்சத்திரத்தை எடுத்தது அவர் இல்லை, நான். அவர் சீட்டில் உட்கார்ந்து, அவர் பெயரில். மாடிப்படி செத்தது என்னால். இதற்கு மேல் முழுசாக எனக்குச் சொல்லத் தெரியாது.

தட்டச்சு செய்த அம்மா படித்துக் காட்டியதைக் கேட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் மாற்ற வேண்டும். மாப்பிள்ளையின் வாக்குமூலத்தில் ஏழு இடத்தில் கவனக்குறைவு என்று இருந்தது. மாற்றுப்பெயரைப் பற்றி நான்கு பக்கத்திலும் ஒரு வரி கிடையாது. வெறும் கவனக்குறைவு. ராத்திரி என்னால் சாப்பிட முடியவில்லை. இப்போது என் வாக்குமூலத்திலும் பழக்கதோஷத்தில் அதே வார்த்தையைப் போட்டிருக்கிறார்கள், 'கவனக்குறைவாக ஒரு குறியை நீக்கியதாக' என்று. அதை அடித்துவிடுங்கள்.

அன்று காலை அந்த அறையில் நான் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெயர் வருகிற நாற்பத்தொரு இடத்தையும் ஒன்றுவிடாமல் திறந்து படித்தேன். எங்கேயும் முறியாது, பச்சை விளக்கு வழக்கம்போல எரியும் என்று பார்த்துக்கொண்டேன். சோதனை அறையின் தாளையும் எடுத்துப் பார்த்தேன். விளக்கைத் தவிர வேறெதையும் பார்க்கச் சொல்லி அதில் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அந்த நட்சத்திரத்தை எடுத்தேன். என் வேலையில் கவனக்குறைவு என்று இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒருத்தரும் சொன்னதில்லை, ஐயா.